நண்பர்களோடு ஜெர்மனியில் ரயில் பயணம்: குறைந்த செலவுக்கு எந்த டிக்கெட்?

நான்கைந்து நண்பர்கள், ஆளுக்கொரு முதுகுப்பை, கையில் எட்டு முதல் பன்னிரண்டு நாள். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விவாதம். "63 யூரோ கட்டினால் மாதம் முழுக்கச் சுற்றலாம்" என்கிறார் ஒருவர். "ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட் போதும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ரயில் பாஸ்தான் வேண்டும் என்று நிற்கிறார். மூவர் சொல்வதும் உண்மைதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பயணத்துக்குப் பொருந்தும். உங்கள் பயணம் எந்த மாதிரி என்று தெரிந்துவிட்டால் விவாதம் பத்து நிமிடத்தில் முடியும். கீழே உள்ள விலைகள் 2026 தொடக்க நிலவரம்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் பெரும்பாலும் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். பார்க்க வேண்டியவை இவை:

- நீண்ட தாவல்கள் எத்தனை? 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் போகும் பயணங்களை எண்ணுங்கள். முடிவில் பாதியை இந்த எண்ணே சொல்லிவிடும்.
- குழு கடைசிவரை ஒன்றாக இருக்குமா? ஒருவர் நடுவில் பிரிந்து உறவினர் வீட்டுக்குப் போவாரென்றால் குழு டிக்கெட்டின் கணக்கே மாறிவிடும்.
- ஊருக்குள் சுற்றும் செலவு. பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களில் ஒரு நாள் நகர டிக்கெட்டே 10 யூரோவை ஒட்டி வரும். ஆறு நாளுக்கு 60 யூரோ. பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.
- திட்டம் மாறினால், வண்டி தாமதித்தால் என்ன ஆகும்? 2024இல் ஜெர்மனியின் தொலைதூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். ஆறு நிமிடத்துக்குள் வந்தால் அது நேரத்துக்கு வந்ததாகவே எண்ணப்படும், அப்படி எண்ணியே இந்த அளவு. எனவே தாமதத்தை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.
- யார் எங்கே குடியிருக்கிறார்கள்? சென்னையிலிருந்து வருபவருக்கும் ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கும் மாணவருக்கும் கிடைக்கும் டிக்கெட்டுகள் வேறு.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு மேலே போவோம். ஐசிஇ, ஐசி, இசி மூன்றும் தொலைதூர வண்டிகள். ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் (நகரையும் புறநகரையும் இணைக்கும் ரயில்) மூன்றும் வட்டார வண்டிகள். மலிவான நாள், மாத டிக்கெட்டுகள் எல்லாமே வட்டார வண்டிக்குத்தான். அந்த டிக்கெட்டோடு தெரியாமல் ஐசிஇ ஏறிவிட்டால் அபராதம் குறைந்தது 60 யூரோ. தூரம் அதிகமென்றால் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு.

## டாய்ச்லாண்ட்-டிக்கெட்: மாதம் 63 யூரோ

2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க வட்டார வண்டிகள், நகரங்களின் உ-பான் (நிலத்தடி ரயில்), டிராம், பேருந்து எல்லாம் இதில் அடக்கம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் எஸ்-பானிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஹாம்பர்க் துறைமுகத்தில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படித்துறையிலிருந்து ஃபிங்கன்வெர்டர் போகும் 62ஆம் எண் படகும் நகரப் போக்குவரத்தில் சேர்ந்தது. சுற்றுலாப் படகுக்குக் கொடுக்கும் காசு இல்லாமலே எல்பே ஆற்றில் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஃப்யூசனிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அடிவாரத்துக்குப் போகும் பேருந்தும் அப்படியே. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரையும் செல்லும்.

சுற்றுலாப் பயணிகளும் வாங்கலாம். ஜெர்மனியில் வீட்டு முகவரி இருக்க வேண்டியதில்லை. ஏமாந்துபோகும் இடங்கள் வேறு:

இது சந்தா. நிறுத்தச் சொல்லும்வரை மாதாமாதம் காசு பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டுமானால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். வாங்கிய அன்றே செயலியில் ரத்து கொடுத்துவிடுங்கள், மாதக் கடைசிவரை டிக்கெட் செல்லும்.

மாதம் என்றால் நாட்காட்டி மாதம். 30 நாள் அல்ல. ஜூன் 26 முதல் ஜூலை 5 வரை பயணம் என்றால் இரண்டு மாதக் காசு, 126 யூரோ. தேதியை ஐந்து நாள் தள்ளிவைக்க முடிந்தால் தலைக்கு 63 யூரோ மிச்சம். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பாருங்கள்.

காசு கட்டும் வழி. பல விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள். சில நகரப் போக்குவரத்து நிறுவனங்களின் செயலிகளில் கிரெடிட் கார்டு செல்லும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் அப்படிப்பட்ட செயலியை ஊரிலேயே இறக்கி, கணக்கு தொடங்கிப் பார்த்துவிட வேண்டும். நிலையத்தில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருக்கும் நிலை வேண்டாம்.

பெயர் உள்ள டிக்கெட். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் காட்ட முடியாது. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். செயலியில் வரும் கியூஆர் குறியீட்டையே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கமாட்டார்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால் பரிசோதகர் 60 யூரோ சீட்டு எழுதுவார். பிறகு செல்லுபடியான டிக்கெட்டைக் காட்டினால் பொதுவாக 7 யூரோவாகக் குறைப்பார்கள். ஆனாலும் விடுமுறையில் அதற்கென்று அலைய வேண்டும். குழுவுக்கு ஒரு பவர் பேங்க் கட்டாயம்.

விலையில் எழுதாத செலவு ஒன்று உண்டு, அது நேரம். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஐசிஇயில் நான்கு மணி நேரம். வட்டார வண்டியில் மூன்று நான்கு முறை மாறி, ஒன்பது பத்து மணி நேரம். ஒரு பகல் போய்விடும். எட்டு நாள் பயணத்தில் ஒரு பகலின் மதிப்பு என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தாமதத்துக்கு இழப்பீடும் பெயரளவுக்குத்தான்: 60 நிமிடத்துக்கு மேல் போனால் 1.50 யூரோ, அதுவும் சேர்ந்து 4 யூரோ ஆனால்தான் கைக்கு வரும்.

இது பொருந்துவது: ஒரே நாட்காட்டி மாதத்துக்குள் ஐந்து நாளுக்கு மேல் நகர்வு, நீண்ட தாவல் ஒன்றிரண்டு, நகரங்களுக்குள் நிறைய சுற்றல், யார் வேண்டுமானாலும் பிரிந்துபோகும் சுதந்திரம்.

## லெண்டர்-டிக்கெட்: ஒரு மாநிலம், ஒரு நாள், ஐந்து பேர்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி டிக்கெட் உண்டு. பவேரியாவின் பயர்ன்-டிக்கெட்தான் அதிகம் பேருக்குத் தெரிந்தது. முதல் ஆளுக்கு 30 யூரோவை ஒட்டி, சேரும் ஒவ்வொருவருக்கும் சுமார் 10. ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 15, இருவர் மட்டும் என்றால் 20க்கு மேல். பிராண்டன்பர்க்-பெர்லின் டிக்கெட் அப்படியில்லை, ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் ஒரே விலை. ஐந்து பேர் குழுவுக்கு அது நல்ல லாபம். சாக்சன், சாக்சன்-அன்ஹால்ட், துரிங்கியா மூன்றின் டிக்கெட்டும் மூன்று மாநிலங்களிலும் செல்லும். டிரெஸ்டன், லைப்சிக், வைமார், எர்ஃபர்ட் எல்லாம் ஒரே டிக்கெட்டுக்குள் வந்துவிடும்.

வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் ஏறக் கூடாது. அங்கிருந்து மறுநாள் அதிகாலை 3 மணிவரை செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே ஏறலாம். 8:52 வண்டியில் ஏறி "எட்டு நிமிடம்தானே" என்று பரிசோதகரிடம் சொல்லிப் பயனில்லை. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குக் காலை நேர நுழைவுச்சீட்டு எடுத்திருந்தால் இந்த 9 மணி விதி காலை வாரிவிடும். மியூனிக்கிலிருந்து ஃப்யூசனுக்கே இரண்டு மணி நேரம், அதற்கப்புறம் பேருந்து, மலையேற்றம். வார நாளில் பிற்பகல் 1 மணிக்கு முன் நேரம் எடுக்காதீர்கள்.

டிக்கெட்டில் எல்லார் பெயரையும் பயணத்துக்கு முன் நிரப்ப வேண்டும். நடுவில் ஆள் மாறக் கூடாது. குழு ஒன்றாக நகர்ந்தே ஆக வேண்டும். டிக்கெட் ஒருவர் போனில் இருக்கும்போது மற்ற நால்வர் அடுத்த வண்டியில் வந்தால், அந்த நால்வரும் டிக்கெட் இல்லாத பயணிகள்தான்.

வட்டார வண்டியில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று, வண்டி நடுவழியில் பிரிவது. மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகும் பிஆர்பி நிறுவனத்தின் வட்டார வண்டி ஹோல்ட்ஸ்கிர்ஷனில் இரண்டாகும். ஒரு பகுதி ஷ்லியர்சே ஏரி வழியாக பைரிஷ்செல்லுக்குப் போகும். மற்றது டெகர்ன்சே, லெங்கிரீஸ் பக்கம் போய் ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரியும். இடம் கிடைத்த பெட்டியில் மூவர், அடுத்த பெட்டியில் இருவர் என்று உட்கார்ந்தால் இரண்டு ஏரிக்கரையில் இறங்க நேரும். ஏறும்முன் பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப்பெயரைப் படியுங்கள்.

இது பொருந்துவது: மூன்று முதல் ஐந்து பேர், ஒரே மாநிலத்தைத் தளமாக வைத்து மூன்று நாள்வரை வெளியே போய் வருதல். ஐந்து பேருக்கு நான்காவது நாளில் தலைக்கு 60 யூரோ ஆகிவிடும். அதற்கு மேல் டாய்ச்லாண்ட்-டிக்கெட்தான் மலிவு.

## குவேர்-டுர்க்ஸ்-லாண்ட்-டிக்கெட்: மாநில எல்லை தாண்டும் ஒரு நாளுக்கு

லெண்டர்-டிக்கெட்டின் பெரிய அண்ணன். நாடு முழுக்க வட்டார வண்டிகளில் ஒரு நாள், ஐந்து பேர்வரை, அதே 9 மணி விதி. ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு 20 யூரோவுக்குள் வரும். நகரத்து உ-பான், டிராம், பேருந்து இதில் கிடையாது. பயணம் முழுக்கவும் இரண்டே நகரங்கள், நடுவில் ஒரே நீண்ட நகர்வு என்றால் எடுக்கலாம். மற்றபடி இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைவு.

## சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்: முன்கூட்டி எடுக்கும் ஐசிஇ

தொலைதூர வண்டிக்கான மலிவு டிக்கெட். 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 13 யூரோவை ஒட்டியும் மற்றவர்களுக்கு 18 யூரோவை ஒட்டியும் தொடங்கும். பல மாதங்களுக்கு முன்பே விற்பனை திறந்திருக்கும். நாள் நெருங்க நெருங்க ஏறும். மியூனிக்–பெர்லின் போன்ற தூரத்துக்கு எந்த வண்டியிலும் ஏறலாம் என்ற முழுக்கட்டண டிக்கெட் 150 யூரோவைத் தாண்டிவிடும்.

விலை குறைவுக்குப் பதில், குறிப்பிட்ட அந்த வண்டியில்தான் ஏற வேண்டும். ரத்து செய்தால் காசு திரும்பாது. தவறவிட்டது உங்கள் தவறென்றால் டிக்கெட் போயிற்று. ஆனால் தாமதம் ரயில்வே தரப்பில் இருந்து, போய்ச் சேர 20 நிமிடமாவது தாமதமாகும் என்று தெரிந்தால் கட்டுப்பாடு நீங்கிவிடும். அடுத்த எந்த ஐசிஇயிலும் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். மலிவு வட்டார டிக்கெட்டுகளுக்கு ஐசிஇயில் மாறி ஏறும் இந்த உரிமை இல்லை.

நுணுக்கமான ஒரு பொறி இங்கே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சிற்றூரிலிருந்து டாய்ச்லாண்ட்-டிக்கெட்டில் பெரிய நிலையம் வந்து, அங்கிருந்து ஐசிஇ பிடிக்கத் திட்டமிடுகிறீர்கள். வட்டார வண்டி தாமதித்து ஐசிஇ போய்விட்டால், இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பதால் கட்டுப்பாடு நீங்காது. புது டிக்கெட்தான் எடுக்க வேண்டும். அதனால் ஐசிஇ டிக்கெட்டை அந்தச் சிற்றூரிலிருந்தே தொடங்கி எடுங்கள். பெரும்பாலும் சில யூரோதான் கூடும். மொத்தமும் ஒரே பயணமாகிவிடும்.

குழுவாக எடுக்கும்போது இன்னொன்று: ஐந்து பேர் என்று தேடினால், ஐந்து இடம் மிச்சமுள்ள விலைப் படியைத்தான் காட்டும். மலிவுப் படியில் மூன்று இடம் மட்டும் இருந்தால் அது கண்ணில் படாமலே போகும். ஐந்து, மூன்று, இரண்டு என்று மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். ஆறு பேர் முதல் குழுக் கட்டணம் தனியாக உண்டு. இருக்கை முன்பதிவு தனிக் காசு, தலைக்கு 5 யூரோ சொச்சம். வெள்ளி, ஞாயிறு மாலைகளில் அது இல்லாமல் ஏறினால் முதுகுப்பையின் மேல்தான் உட்கார நேரும். செவ்வாய், புதன் பகலில் தேவைப்படாது.

இது பொருந்துவது: தேதி முடிவானவர்கள், நான்கு வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுக்கக்கூடியவர்கள், நாடு முழுக்கப் பெரிய தாவல்கள் உள்ளவர்கள்.

## ரயில் பாஸ்

ஜெர்மன் ரயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு மட்டும். 3 நாள் முதல் 15 நாள்வரை, தொடர்ச்சியாகவோ ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாட்களிலோ பயன்படுத்தலாம். 27 வயதுவரை இளையோர் விலை. இருவர் சேர்ந்து போனால் இரட்டைப் பாஸ் மலிவு, ஆனால் இருவரும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும். உள்நாட்டு ஐசிஇக்கு முன்பதிவு கட்டாயமில்லை. வண்டி தாமதித்தால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். பாஸில் காசு கொடுத்து வாங்குவது இந்த நிம்மதியைத்தான்.

நாளுக்கு வகுத்துப் பார்த்தால், கடைசி நேரத்தில் வாங்கும் ஐசிஇ டிக்கெட்டைவிட மலிவு. இரண்டு மாதம் முன்பே எடுத்த சூப்பர் ஷ்பார்ப்ரைஸைவிட அதிகம். நகர டிராம், உ-பான் சேராது.

ஜெர்மனியில் படிக்கும் நண்பர் குழுவில் இருந்தால் அவருக்கு இந்தப் பாஸ் கிடைக்காது. அவர் கையில் பெரும்பாலும் மாணவர்களுக்கான டாய்ச்லாண்ட்-டிக்கெட் இருக்கும், சாதாரண விலையில் 60 சதவீதம்தான். அவருக்கு வட்டார வண்டிக்கு வேறு செலவே இல்லை. எனவே லெண்டர்-டிக்கெட் வாங்கும்போது அவரைத் தலைக்கணக்கில் சேர்த்துக் காசை வீணாக்காதீர்கள்.

## ஃப்ளிக்ஸ்பஸ், ஃப்ளிக்ஸ்டிரெயின்

ஒரு தனியார் நிறுவனத்தின் பச்சை நிறப் பேருந்தும் ரயிலும். பெர்லின்–கோல்ன், ஹாம்பர்க்–கோல்ன், பெர்லின்–ஷ்டுட்கார்ட் போன்ற தடங்களில் ரயில் ஓடுகிறது, இருக்கை உறுதி. கடைசி வாரத்தில் ஐசிஇ விலை ஏறியிருக்கும்போது பல நேரம் இதுதான் கைகொடுக்கும். ஒரு நாளில் வண்டிகள் குறைவு என்பதால் ஒன்று ரத்தானால் அடுத்ததற்குக் காத்திருப்பு நீளும். பேருந்து நிற்கும் இடத்தை முன்பே பாருங்கள். மியூனிக்கில் ஹாக்கர்ப்ரூக்க, ஹாம்பர்க்கில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. பெர்லினிலோ மேற்கு ஓரத்தில், கண்காட்சித் திடல் அருகே.

## ஒரே பார்வையில்

| டிக்கெட் | தலைக்குச் செலவு | ஐசிஇ | நகரப் போக்குவரத்து | குழு பிரியலாமா | திட்டம் மாறினால் |
|---|---|---|---|---|---|
| டாய்ச்லாண்ட்-டிக்கெட் | மாதம் 63 | இல்லை | உண்டு | தாராளமாக | சிக்கலில்லை |
| லெண்டர்-டிக்கெட் | 5 பேருக்கு நாளுக்கு சுமார் 15 | இல்லை | பெரும்பாலும் உண்டு | கூடாது | அன்றைய நாளுக்குள் மாற்றலாம் |
| குவேர்-டுர்க்ஸ்-லாண்ட் | 5 பேருக்கு நாளுக்கு 20க்குள் | இல்லை | எஸ்-பான் மட்டும் | கூடாது | அன்றைய நாளுக்குள் மாற்றலாம் |
| சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் | தாவலுக்கு 13–18 முதல் | உண்டு | இல்லை | தனித்தனியாக வாங்கினால் சரி | காசு போகும் |
| ஜெர்மன் ரயில் பாஸ் | நாட்களைப் பொறுத்து, அதிகம் | உண்டு | எஸ்-பான் மட்டும் | இரட்டைப் பாஸில் கூடாது | சிக்கலில்லை |
| ஃப்ளிக்ஸ் | முன்பே எடுத்தால் மலிவு | – | இல்லை | சரி | ரத்துக் கட்டணம் உண்டு |

## ஒரு பாதையில் போட்டுப் பார்ப்போம்

ஃபிராங்ஃபர்ட் – கோல்ன் – ஹாம்பர்க் – பெர்லின் – டிரெஸ்டன் – நியூரன்பர்க் – மியூனிக். பத்து நாள், ஆறு நகர்வு. ஆறையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

ஃபிராங்ஃபர்ட்–கோல்ன் ஐசிஇயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பாதி வழி சுரங்கமும் மதில்களும். வட்டார வண்டியில் மூன்று மணி நேரம். மைன்ஸ், பிங்கன் தாண்டியதும் ரைன் ஆற்றங்கரையை ஒட்டியே ஓடும். பாகராக், சாங்க்ட் கோவார், போப்பார்ட் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். இங்கே மெதுவான வண்டியே மேல்.

கோல்ன்–ஹாம்பர்க் வட்டார வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல், வேக வண்டியில் நான்கு. ஹாம்பர்க்–பெர்லின் வட்டார வண்டியில் நான்கு மணி நேரம், பாதை மூடப்படாத நாட்களில் வேக வண்டியில் இரண்டுக்கும் குறைவு. இந்த இரண்டையும் சூப்பர் ஷ்பார்ப்ரைஸில் எடுத்துவிடலாம். பெர்லின்–டிரெஸ்டன் வட்டார வண்டியில் மூன்று, வேக வண்டியில் இரண்டு. வித்தியாசம் ஒரு மணிதான், வட்டார வண்டி போதும். டிரெஸ்டன்–நியூரன்பர்க்குக்கு நேரடி ஐசிஇ கிடையாது. கெம்னிட்ஸ், ஹோஃப் வழியாக வட்டார வண்டியில் ஐந்தரை மணி ஆகும், லைப்சிக் சுற்றி ஐசிஇ பிடித்தாலும் மூன்று மணிக்கு மேல். காலையிலேயே கிளம்பினால் வட்டார வண்டியே சமாளித்துவிடும். நியூரன்பர்க்–மியூனிக் வட்டார வண்டியில் 1:45, ஐசிஇயில் 1:10. யோசிக்கவே வேண்டாம், வட்டார வண்டிதான்.

இப்போது செலவு. டாய்ச்லாண்ட்-டிக்கெட் 63, இரண்டு ஐசிஇ தலா 20–25. மொத்தம் தலைக்கு 103 முதல் 113 யூரோ, நகரப் போக்குவரத்தும் இதில் அடக்கம். ஆறு நகர்வையும் சூப்பர் ஷ்பார்ப்ரைஸில் எடுத்தால் 120–150, அதன்மேல் நகர டிக்கெட் 60, ஆக 200ஐ நெருங்கும். குவேர்-டுர்க்ஸ்-லாண்டில் ஆறு நாள் என்றாலும் 100க்கு மேல், நகரச் செலவு தனி, வேக வண்டியும் இல்லை. இந்தப் பாதைக்கு டாய்ச்லாண்ட்-டிக்கெட்டும் இரண்டு ஐசிஇயும் சேர்ந்த கலவைதான் எங்கள் பரிந்துரை. டிரெஸ்டனில் தங்கும் நாளில் எஸ்1 வண்டியில் ஆற்றோரமாக ராதன் போய் பாஸ்டை பாறைகள் ஏறிவிட்டு வரலாம், வண்டிக்குக் கூடுதல் காசில்லாமல்.

பவேரியாவிலேயே ஆறு நாள், மூன்று வெளிப்பயணம், ஐவர் குழு என்றால் பயர்ன்-டிக்கெட். தேதி உறுதியில்லை, தினமும் ஒரு புது நகரம், மெதுவான வண்டிக்குப் பொறுமையில்லை என்றால் பாஸ்.

## எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் நாட்காட்டி மாதத்தைப் பார்த்துப் பயணத் தேதி. அடுத்து நீண்ட தாவல்களுக்கான ஐசிஇ, ஆறு முதல் எட்டு வாரம் முன்பே. எடுக்கும்முன் அந்தப் பாதை சீரமைப்புக்காக மூடப்பட்டிருக்கிறதா என்று ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் அந்தத் தேதியைப் போட்டே பாருங்கள். 2024இல் ஃபிராங்ஃபர்ட்–மன்ஹைம், 2025 ஆகஸ்டிலிருந்து ஹாம்பர்க்–பெர்லின் என்று முக்கியத் தடங்களை மாதக்கணக்கில் மூடிப் புதுப்பித்தார்கள். அப்படி மூடும்போது வண்டிகள் சுற்றுவழியில் போகும், நேரம் கூடும்.

டாய்ச்லாண்ட்-டிக்கெட்டைப் பயண மாதத்தின் 10ஆம் தேதிக்குள் வாங்கி, அன்றே ரத்தும் கொடுத்துவிடுங்கள். வட்டாரப் பயணத்தைத் தேடும்போது செயலியில் வேக வண்டிகளை நீக்கிவிட்டு, மாறும் நேரத்தைக் குறைந்தது 15 நிமிடம் என்று வையுங்கள். மூன்று மாற்றத்துக்கு மேல் உள்ள வழியை விடுங்கள். அன்றைய கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதற்கு முந்தைய வண்டியில் விடுதி போய்ச் சேருமாறு பாருங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். அன்றைய ரொட்டியும் பழமும் சனிக்கிழமை மாலையே பையில் ஏறிவிட வேண்டும்.